ஜார்ஜியா தெரியும், காட்டுப்பள்ளி தெரியாது

கொஞ்ச நாளா ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல. இன்னிக்கு ஒரு பழைய கதையில ஆரம்பிச்சு, அமெரிக்கா வரைக்கும் போயிட்டு, திரும்ப மீஞ்சூர்லயே இறங்கப் போறேன். நடுவுல தூங்கிட்டீங்கன்னா கும்மிடிப்பூண்டியில எழுப்பி விட்ருவாங்க, கவலைப்படாதீங்க. :-)

2021 ஜனவரி 6, புதன்கிழமை ராத்திரி. கொரோனா புண்ணியத்துல வீட்ல இருந்தே வேலை. ஒரு ஜன்னல்ல ஆபீஸ், இன்னொரு ஜன்னல்ல ஜார்ஜியா மாநில செனட் தேர்தல் எண்ணிக்கை. வார்னாக் ஜெயிச்சாச்சு, ஆஸாஃபும் ஜெயிச்சிட்டா செனட் டெமாக்ரட் கைக்கு வந்துடும். நான் என்னமோ அட்லாண்டாவுல பூத் ஏஜென்ட் மாதிரி எந்தக் கவுண்ட்டியில இன்னும் எத்தனை ஓட்டு எண்ணணும்னு நண்பர்களுக்கு மெசேஜ் போட்டுக்கிட்டிருந்தேன். நம்ம நேரம் நள்ளிரவு தாண்டினதும் ட்ரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ள புகுந்துட்டாங்க. அப்புறம் எங்க தூக்கம்? விடிய விடிய அதான்.

காலையில வழக்கமா வர்ற மீன்கார அக்கா வாசல்ல கூடையை இறக்கி வச்சாங்க. கடலோரத்து ஊர். அம்மாவுக்குப் பல வருஷப் பழக்கம். அன்னிக்கு இறால் எடை போட்டு முடிச்சதும் இடுப்புல செருகியிருந்த பையில இருந்து நாலா மடிச்ச ஜெராக்ஸ் பேப்பர் ஒண்ணை எடுத்தாங்க.

"தம்பி, நீ இஞ்சினீருதானே? இத்தக் கொஞ்சம் படிச்சு இன்னான்னு சொல்லேன். ஊர்ல குடுத்தாங்க. ஏக்கருன்றான், டன்னுன்றான், ஒண்ணும் புரியல."

காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கம் பத்தின சுருக்க அறிக்கை. ஜனவரி 22-ம் தேதி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம்னு போட்டிருந்தது.

"மீட்டிங் இருக்குக்கா, சாயங்காலம் பார்க்கிறேன்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன். மீட்டிங் எதுவும் இல்ல. தூக்கம் வந்துச்சு, அவ்ளோதான்.

சாயங்காலமும் பார்க்கல. பேப்பர் ஃப்ரிட்ஜ் மேல ரெண்டு வாரம் கிடந்துச்சு. கொரோனாவைக் காரணம் சொல்லி கூட்டத்தைத் தள்ளி வச்சுட்டாங்கன்னு செய்தி வந்தப்ப எனக்கு வந்த முதல் எண்ணம், 'அப்பாடா, இனிமே அக்கா கேட்க மாட்டாங்க'. இதை எழுதவே கூச்சமாத்தான் இருக்கு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

எனக்கு அமெரிக்க அரசியல் கிறுக்கு பிடிச்சது பெர்னி சாண்டர்ஸால. 2016-ல காலேஜ்ல இருந்தப்ப அவர் பேச்சைக் கேட்க ஆரம்பிச்சேன். 74 வயசுத் தாத்தா, கலைஞ்ச தலை, ஒவ்வொரு மேடையிலயும் அதே பேச்சு: எல்லாருக்கும் மருத்துவம், இலவசக் கல்லூரி, மணிக்கு 15 டாலர் கூலி. நம்ம ஊர்ல பொறந்தவனுக்கு இதுல என்ன அதிசயம்? அரசு ஆஸ்பத்திரியும் ரேஷன் கடையும் பார்த்து வளர்ந்தவங்க நாம. ஆனா அங்க இது தீவிரவாதம். அதுவும் எதிர்க்கட்சிக்காரன் சொல்றதுக்கு முன்னாடி சொந்தக் கட்சித் தலைகளே 'இதெல்லாம் நடக்கிற காரியமா'ன்னு கேட்டாங்க. அந்த வருஷம் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற இடத்துல யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பாத 'சூப்பர் டெலிகேட்'கள் சுமார் 700 பேர். அவங்கள்ல ரொம்பப் பேர் முதல் ஓட்டு விழறதுக்கு முன்னாடியே ஹிலாரி பக்கம். பெரிய சண்டைக்கு அப்புறம் 2018-லதான் அவங்க அதிகாரத்தைக் குறைச்சாங்க.

அங்க முற்போக்காளர்கள் 'எஸ்டாப்ளிஷ்மென்ட்'னு திட்டுறது இதைத்தான். அது ஒரு கட்சி இல்ல. ரெண்டு கட்சியிலயும் நிரந்தரமா உட்கார்ந்திருக்கிற ஒரு கூட்டம். கருக்கலைப்பு, துப்பாக்கி, குடியேற்றம்னு ஆயிரம் விஷயத்துல ரெண்டு கட்சியும் நிஜமாவே அடிச்சுக்கும். ஆனா பணம் போடுறவங்க தலையில கை வைக்கணும்னு வந்தா சுருதி இறங்கிடும்.

ஒரு உதாரணம். ஜார்ஜியா ஜெயிச்சு, செனட் கைக்கு வந்து, ரெண்டே மாசம். 2021 மார்ச் 5-ம் தேதி 15 டாலர் கூலியை பெர்னி ஓட்டெடுப்புக்குக் கொண்டு வந்தார். 42-க்கு 58. தோத்துப்போச்சு. ரிபப்ளிகன்கள் எதிர்த்தது எதிர்பார்த்ததுதான். கூடவே சொந்தப் பக்கத்துல 8 பேர் எதிர்த்தாங்க. அதுல ஒரு அம்மா கட்டைவிரலைக் கீழ காட்டி 'நோ' சொன்னது வீடியோவா சுத்திச்சு. மத்திய அரசோட குறைந்தபட்சக் கூலி 2009-ல வச்ச 7.25 டாலர்லயே நின்னுச்சு. இதுக்கா நான் ஒரு ராத்திரி தூங்காம கிடந்தேன்னு வயிறு எரிஞ்சுது.

பணத்துக்கு வழியைத் திறந்து விட்டது 2010-ல வந்த 'சிட்டிசன்ஸ் யுனைடெட்' தீர்ப்பு. தேர்தல்ல வேட்பாளரைச் சாராம தனியா எவ்வளவு வேணாலும் கம்பெனிகள் செலவு பண்ணலாம்னு அவங்க உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதைப் பத்தி ஆபீஸ் கேன்டீன்ல நான் எடுத்த லெக்சருக்கு அளவே கிடையாது.

அதே சமயம் நம்ம ஊர்ல என்ன நடந்துச்சு? 2017 பட்ஜெட்ல தேர்தல் பத்திரம்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. யார் எந்தக் கட்சிக்குப் பணம் குடுத்தாங்கன்னு ஓட்டுப் போடுறவனுக்குத் தெரியாது. கம்பெனிகள் லாபத்துல இவ்வளவுதான் குடுக்கலாம்னு இருந்த உச்சவரம்பையும் தூக்கிட்டாங்க. 2024 பிப்ரவரி 15-ல உச்ச நீதிமன்றம் இது செல்லாதுன்னு ரத்து பண்ண அப்புறம்தான் கணக்கு வெளியில வந்துச்சு. பா.ஜ.க.வுக்கு கிட்டத்தட்ட 7,000 கோடி. அதை விடுங்க, எதிர்பார்த்ததுதான். நம்ம தி.மு.க.வுக்கு 656.5 கோடி. அதுல 509 கோடி ஒரே ஒரு லாட்டரி கம்பெனி குடுத்தது. தமிழ்நாட்டுல லாட்டரிக்குத் தடை வந்தது 2003-ல. லாட்டரிச் சீட்டுதான் இங்க விக்கக் கூடாது போல. அ.தி.மு.க.வுக்கு வந்தது 6 கோடி சொச்சம். ர.ர.க்கள் சந்தோஷப்பட வேணாம், அது கொள்கையா இல்ல யாரும் குடுக்கலையான்னு யோசிச்சுக்கோங்க. இடதுசாரிகள் பத்திரம் வாங்க மாட்டோம்னு சொல்லி வாங்காமலே இருந்தாங்க. ஆனா 2019 தேர்தல்ல அந்த ரெண்டு கட்சிக்கும் சேர்த்து 25 கோடி குடுத்ததா தி.மு.க.வே தேர்தல் ஆணையத்துக்குக் கணக்கு காட்டுச்சு. பெர்னி டெமாக்ரட் கூடாரத்துல எந்த மூலையில உட்கார்ந்திருக்காரோ, நம்ம தோழர்களும் இங்க அதே மூலையிலதான்.

இதெல்லாம் தெரிஞ்ச அப்புறம்தான் ஃப்ரிட்ஜ் மேல இருந்த பேப்பர் ஞாபகம் உறுத்த ஆரம்பிச்சுதுன்னு சொன்னா பொய். உறுத்தினது அதுக்கு முன்னாடியே, 2023-ல.

அந்த வருஷம் செப்டம்பர் 5-ம் தேதிக்கு கருத்துக்கேட்புக் கூட்டத்தை மறுபடி அறிவிச்சாங்க. இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. 2021 ஜனவரியில அ.தி.மு.க. ஆட்சி. எதிர்க்கட்சித் தலைவரா இருந்த ஸ்டாலின் இந்த விரிவாக்கத்தை எதிர்த்து அறிக்கை விட்டார். மே மாசம் அவர் முதல்வர். எங்க பொன்னேரி தொகுதியில அவர் கூட்டணியில நின்ன காங்கிரஸ் வேட்பாளர் ஜெயிச்சார். அதானிங்கிற பேரைச் சொல்லி டெல்லியில தினமும் கத்துற கட்சி. எதிர்த்து அறிக்கை விட்டவர் ஆட்சியிலயே, எதிர்த்துக் கத்துற கட்சியோட தொகுதியில, அதே திட்டத்துக்கு, அதே கூட்டம்.

அக்கா மறுபடி பேப்பரோட வந்தாங்க. இந்த வாட்டி தனியா இல்ல, கூட இன்னும் மூணு பேர். "இந்த வாட்டியும் மீட்டிங்கா தம்பி?"ன்னு கேட்டாங்க. சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டாங்க. எனக்குத்தான் சுருக்குனு இருந்துச்சு.

திண்ணையில உட்கார்ந்து படிச்சேன். முழு அறிக்கை இங்கிலீஷ்ல, தலைகாணி சைஸ். சட்டப்படி சுருக்கத்தைத்தான் தமிழ்ல குடுக்கணும். அந்தச் சுருக்கம் எந்தத் தமிழ்ல இருக்கும்னு அரசாங்கக் காகிதம் படிச்சவங்களுக்குத் தெரியும். படிச்சு, என் பாஷையில சொன்னேன்.

330 ஏக்கர்ல இருக்கிற துறைமுகம் 6,110 ஏக்கர் ஆகணும். அதுல கிட்டத்தட்ட 2,000 ஏக்கர் கடலை மண் போட்டுத் தூர்த்து எடுக்கிற நிலம். வருஷத்துக்கு சுமார் 2.5 கோடி டன் சரக்கு கையாள்றது 32 கோடி டன் ஆகணும். செலவு 53,000 கோடி. இந்தத் துறைமுகம் எல் அண்ட் டி கட்டினது. 2018-ல 97 சதவீதப் பங்கை அதானி குழுமம் 1,950 கோடிக்கு வாங்குச்சு. வடக்கே பழவேற்காடு ஏரி, தெற்கே எண்ணூர் கழிமுகம், நடுவுல ஒல்லியா ஒரு மணல் துண்டு. அதுல இவங்க ஊருங்க.

"கடலைத் தூர்த்தா வலை எங்க போடுறது?"ன்னு ஒருத்தங்க கேட்டாங்க. அதுக்கு அறிக்கையில இருக்கிற 'வாழ்வாதார மேம்பாடு'ன்னு ஒரு பத்தியைப் படிச்சேன். அவங்க பேசாம கேட்டுட்டு, தலையில இருந்த சும்மாட்டைச் சரி பண்ணிக்கிட்டாங்க.

அப்புறம் எங்க அக்கா கேட்டாங்க: "அது சரி தம்பி, யாருக்கு ஓட்டுப் போட்டா இது நிக்கும்?"

ஜார்ஜியாவுல எந்தக் கவுண்ட்டி எந்தப் பக்கம்னு புட்டுப் புட்டு வச்சவன் நான். பதில் தெரியல.

உள்ள இருந்து இதெல்லாம் கேட்டுக்கிட்டிருந்த அப்பா, அவங்க போன அப்புறம் வந்தார். அவர் இந்தப் பக்கத்துல ஒரு மின் நிலையத்துல காண்ட்ராக்ட் தொழிலாளியா 20 வருஷத்துக்கு மேல இருந்தவர். "ரொம்ப நியாயம் பேசுற. அந்தச் சாம்பல்லதான்டா உனக்கு காலேஜ் ஃபீஸ் வந்துச்சு"ன்னார். சொல்லிட்டு இருமினார். ரெண்டுமே உண்மை. ஃபீஸும், இருமலும்.

அப்பா சொன்னதைச் சும்மா ஒதுக்கிட்டுப் போக முடியாது. ஏன்னா எஸ்டாப்ளிஷ்மென்ட்டோட பலமே அதுதான். எங்க ஏரியா வரலாற்றைப் பாருங்க. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970, தி.மு.க. ஆட்சி. வடசென்னை அனல்மின் நிலையம் 1994, அ.தி.மு.க. ஆட்சி. எண்ணூர் துறைமுகம் 2001, டெல்லியில வாஜ்பாய், கூட்டணியில தி.மு.க. கடல்நீரைக் குடிநீராக்குற ஆலை 2010, தி.மு.க. ஒவ்வொரு சிம்னிக்கும் ஒரு கல்வெட்டு, ஒவ்வொரு கல்வெட்டுலயும் ஒரு பேர். ஒவ்வொண்ணும் கொஞ்சம் பேருக்கு வேலை குடுத்துச்சு. அந்த வேலைக்காகவே நாம வாய மூடிக்கிட்டோம். மேற்கு வர்ஜீனியாவுல நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி வீட்டுக் கதையும் இதேதான். அந்த மாநில செனட்டர் ஜோ மான்சின் 2021 டிசம்பர்ல சொந்தக் கட்சியோட பெரிய நலத்திட்ட மசோதாவையே கவுத்தார். டெமாக்ரட்டுதான். 15 டாலருக்கு 'நோ' சொன்ன 8 பேர்ல அவரும் ஒருத்தர்.

தண்ணியைப் பத்தியும் சொல்லணும். மிச்சிகன் மாநிலத்துல ஃபிளின்ட்னு ஒரு ஊர். கருப்பின மக்கள் அதிகம். 2014 ஏப்ரல்ல செலவைக் குறைக்கிறோம்னு, தேர்தல்ல நிக்காத, மாநில அரசு நியமிச்ச ஒரு அதிகாரி காலத்துல குடிதண்ணியை ஃபிளின்ட் ஆத்துக்கு மாத்தினாங்க. பழைய குழாய்ல இருந்த ஈயம் தண்ணியில கலந்துச்சு. எஞ்சின் பாகம் துருப்பிடிக்குதுன்னு ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி அந்த அக்டோபர்லயே அந்தத் தண்ணி வேணாம்னு விலகிடுச்சு. ஜனங்க அதுக்கப்புறமும் ஒரு வருஷம் அதைத்தான் குடிச்சாங்க. மாநிலத்துல ரிபப்ளிகன் கவர்னர். சரி, நம்ம ஆள் வருவார்னு காத்திருந்தாங்க. 2016 மே மாசம் ஒபாமா வந்தார். மேடையில ஒரு கிளாஸ் தண்ணி கேட்டு வாங்கி ஒரு வாய் குடிச்சுக் காட்டினார், வடிகட்டினது பாதுகாப்பானதுதான்னு. அந்த ஊர்க்காரங்க நிறைய பேருக்கு அந்த ஒரு வாய்தான் மனசு விட்டுப்போன இடம்.

எங்க ஊர் நிலத்தடி நீர்ல உப்பு ஏறி எத்தனையோ வருஷம் ஆச்சு. ஒரு காலத்துல மெட்ராஸுக்கே மீஞ்சூர் கிணத்துத் தண்ணி போச்சு. உறிஞ்ச உறிஞ்ச கடல் உள்ள வந்துடுச்சு. இப்ப காட்டுப்பள்ளியில கட்டின அந்த ஆலை ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் தயாரிக்கிற திறனோட இருக்கு. சென்னைக்கு. பேரு மட்டும் 'மீஞ்சூர் ஆலை'. எங்க வீட்ல குடிக்கிறது கேன் தண்ணி.

இந்த இடத்துல நிறைய பேர் ஒரு முடிவுக்கு வருவாங்க: "எல்லாக் கட்சியும் ஒண்ணுதான் பாஸ், நோட்டாவுல குத்து." நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் பேசிக்கிட்டிருந்தேன். இப்ப இல்ல.

ரெண்டும் ஒண்ணு இல்ல. 2000-ல 'புஷ்ஷும் கோரும் ஒண்ணுதான்'னு சொன்னாங்க. ஃப்ளோரிடாவுல 537 ஓட்டு வித்தியாசத்துல புஷ் வந்தார். 2003-ல ஈராக் போர். 537 ஓட்டுன்றது எங்க பேரூராட்சியில ஒரு வார்டு. நம்ம ஊர்லயும், 2022-ல ஆரம்பிச்ச பள்ளிக் காலை உணவை நாளைக்கு நிறுத்தினா எங்க தெருவுல எந்தப் பிள்ளை பசியோட ஸ்கூலுக்குப் போகும்னு பேர் சொல்லி என்னால காட்ட முடியும். அதெல்லாம் ஒண்ணுமில்லன்னு சொல்றது வயிறு நிறைஞ்சவன் பேச்சு.

ஆனா கட்சி வித்தியாசம் ஒரு கோட்டோட நின்னுடுது. அந்தக் கோடு பெரிய முதலாளி வீட்டு வாசல்ல இருக்கு. 2024 ஜனவரி உலக முதலீட்டாளர் மாநாட்டுல அதானி குழுமம் தமிழக அரசோட 42,768 கோடிக்கு ஒப்பந்தம் போட்டுச்சு. நியாயமா சொல்லணும்னா, அதுல காட்டுப்பள்ளி கிடையாது. நீரேற்று மின் திட்டம், டேட்டா சென்டர், சிமெண்ட், எரிவாயு. காங்கிரஸ் மட்டும் என்னவாம்? ராகுல் திட்டிக்கிட்டிருந்தப்பவே, 2022 அக்டோபர்ல காங்கிரஸ் ஆண்ட ராஜஸ்தான்ல அதே குழுமம் 65,000 கோடி முதலீடு அறிவிச்சது. மேடையில கெலாட் பக்கத்துலயே அதானி. இப்படி இருக்கிறப்ப எங்க ஊர் கருத்துக்கேட்புல எவன் குரல் எடுபடும்?

ஆச்சரியம், எடுபட்டுச்சு. செப்டம்பர் 5 கூட்டமும் நடக்கல. தள்ளி வச்சாங்க. முதல் வாட்டி கொரோனா, ரெண்டாவது வாட்டி நிர்வாகக் காரணம். நிஜக் காரணம் என்னன்னு எங்க ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. பழவேற்காட்டுல இருந்து எண்ணூர் வரைக்கும் மீனவ ஊர்கள் விட்டுக் குடுக்கவே இல்ல. கூட்டம் நடந்தா இவங்க என்ன பேசுவாங்கன்னு ரெண்டு ஆட்சிக்கும் தெரியும்.

அமெரிக்காவுல கீஸ்டோன் பைப்லைனை எடுத்துக்கோங்க. 2015-ல ஒபாமா நிராகரிச்சார். 2017-ல ட்ரம்ப் திரும்பக் கொண்டு வந்தார். 2021 ஜனவரி 20, பதவியேத்த அன்னிக்கே பைடன் ரத்து பண்ணார். எங்க ஊர்க் கூட்டம் நடக்க வேண்டியிருந்த தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி. பத்து வருஷத்துக்கு மேல பழங்குடிகளும் விவசாயிகளும் ரோட்டுல நின்னது அந்தக் கையெழுத்துக்குப் பின்னாடி இருந்துச்சு. அதே பைடன், அரசு நிலத்துல புது எண்ணெய்க் கிணறே கிடையாதுன்னு பிரச்சாரம் பண்ணவர், 2023 மார்ச்ல அலாஸ்காவுல 'வில்லோ' திட்டத்துக்கு அனுமதி குடுத்தார். எதிர்ப்பு அங்கயும் இருந்துச்சு, பத்தல.

ஆக, ஓட்டு கதவைக் கொஞ்சம் திறக்குது. சரியான ஆள் வந்தா கத்துறது உள்ள கேட்கிற அளவுக்குத் திறக்குது. ஆனா கத்தணும். ஓட்டுப் போட்டுட்டு 'நம்ம ஆள் வந்துட்டார்'னு படுக்கப் போனோம்னா அவர் பக்கத்துல யார் உட்கார்ந்திருக்காங்களோ அவங்க பேச்சுதான் கேட்கும். அமெரிக்க முற்போக்காளர்கள் ரொம்ப லேட்டா கத்துக்கிட்டது இது. எங்க அக்கா மாதிரி ஆளுங்களுக்கு முதல்ல இருந்தே தெரியும். லேட்டா கத்துக்கிட்டது நான்தான்.

போன வாரம் அக்கா வந்தப்ப, அன்னிக்குக் கேட்ட கேள்விக்கு பதில் மாதிரி ஒண்ணு சொல்ல ட்ரை பண்ணேன். "யாருக்குப் போட்டாலும் தானா நிக்காதுக்கா. கொஞ்சம் நல்லவனுக்குப் போட்டுட்டு, போட்ட அடுத்த நாளே அவன் வீட்டு முன்னாடி போய் நிக்கணும்."

"அத்தத்தானே தம்பி நாங்க பண்ணிகினு இருக்கோம்"னாங்க, நண்டைக் கட்டிக்கிட்டே. "நீ எப்ப வர்ற?"

அடுத்த வாட்டி நோட்டீஸ் வந்தா தலைகாணி அறிக்கையை முழுசா தமிழ்ல எழுதித் தர்றேன்னு ஒத்துக்கிட்டிருக்கேன். ராத்திரி செனட் எண்ணிக்கை பார்க்கிற நேரம்தானே, இருக்கு.

பி.கு: நான் எந்தக் கட்சியிலயும் இல்ல. உ.பி.க்களும் ர.ர.க்களும் திட்டுறதை ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்கவும். :-)